கிரவுண்டுக்குப் பெயர் விற்கும் முன்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் வரை உள்ள ஊர்களில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து சீசன் தொடங்கிவிட்டால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் டீக்கடையில் டீ ஆற்ற ஆள் இருக்காது. எல்லோரும் கேலரியில் இருப்பார்கள். எங்கள் கிரவுண்டில் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் மூன்று சீசன் ஒரு பெரிய போர்டு நின்றது. கிரவுண்டின் பெயரை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விற்றிருந்தோம். நான் அப்போது கிளப்பின் பொருளாளர். ஐந்து வருடத்துக்குப் பேசியதில் இரண்டு வருடக் காசுதான் வந்தது. மூன்றாவது செக் திரும்பி வந்த வாரமே கம்பெனியின் ஷட்டரும் இறங்கிவிட்டது.

இப்போது பக்கத்து ஊர் கிளப்காரர்கள் அதே யோசனையோடு என்னிடம் வருகிறார்கள். செய்யாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. எங்கே சறுக்கினோம் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

முதல் சறுக்கல், கிரவுண்டு யாருடையது என்று பார்க்காதது. முப்பது வருடமாகக் கல் பொறுக்கி, புல் வெட்டி, லைட் போட்டது கிளப். அதனால் அது எங்களுடையது என்றே நினைத்திருந்தோம். ஆவணத்தில் அது பஞ்சாயத்து நிலம். போர்டு ஏறிய பத்தாம் நாள், யார் அனுமதி கொடுத்தது என்று கடிதம் வந்தது. கேட்டதில் தப்பே இல்லை. கொச்சி கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் பல சீசன் ஆடியது கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப், ஆனால் ஸ்டேடியம் கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜிசிடிஏவுக்குச் சொந்தம். கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியம் மாநகராட்சியுடையது. நம் நாட்டில் பெரும்பாலான கிளப்புகள் வாடகைக்குத்தான் ஆடுகின்றன. வாடகை வீட்டு வாசலில் நம் இஷ்டத்துக்கு ஒரு பெயரை மாட்ட முடியுமா? அமெரிக்காவில் மயாமி ஹீட் கூடைப்பந்து அணி ஆடும் அரங்கின் பெயரை 2021ல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ கம்பெனி வாங்கியபோது, விற்றவர் கட்டடத்தின் சொந்தக்காரரான உள்ளூர் அரசு நிர்வாகம்.

வருடத்தில் இருபது நாள் மட்டும் கிரவுண்டை எடுக்கும் கிளப், போட்டியின் பெயரை விற்கலாம், கோப்பையின் பெயரை விற்கலாம், ஜெர்சியை விற்கலாம். கிரவுண்டின் பெயரையே விற்க வேண்டுமென்றால் பஞ்சாயத்துக் கமிட்டியின் தீர்மானம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். தலைவர் தோளில் தட்டி “பார்த்துக்கலாம்” என்றது தீர்மானத்தில் சேராது.

அடுத்தது பழைய பெயர். பணம் இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அங்கே மாட்டுச்சந்தை கூடியது. சந்தை போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் சந்தை கிரவுண்டாக நின்றுவிட்டது. முதல் வருட ஃபைனல் அன்று ஸ்பான்சரின் மகன் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைக் பிடித்தவர் பாதி மலையாளம் பாதி தமிழில் பிளந்து கட்டுகிற ஆள். கம்பெனி பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்திருந்தோம். முதல் பாதியில் சீட்டைப் பார்த்துச் சரியாகவே சொன்னார். இரண்டாம் பாதியில் கோல் விழுந்ததும் சீட்டு எங்கோ பறந்துவிட்டது. “நம்ம சந்தை கிரவுண்டு சரித்திரத்துல இப்படியொரு கோல் கண்டிட்டில்ல” என்று கத்தினார், கேலரியே எழுந்து நின்றது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஸ்பான்சரின் மகன் மட்டும் கை தட்டவில்லை. மறுநாள் டீக்கடையில் ஒருவர் என்னையே கேட்டார்: “ஏனுங்க மாப்ளே, சந்தை கிரவுண்டுல இன்னைக்கு மேட்ச் உண்டுங்களா?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இங்கிலாந்தில் நியூகாசில் யுனைடெட் 1892லிருந்து செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஆடுகிறது. 2011 நவம்பரில் அப்போதைய முதலாளி மைக் ஆஷ்லி, தன் கடைச் சங்கிலியின் பெயரில் அதை ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா என்று மாற்றினார். வேறொரு கம்பெனி பணத்தோடு வரும்வரை அது ஒரு காட்சிப்பொருளாக இருக்கட்டும் என்பது கணக்கு. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருடம் ஜெர்சி ஸ்பான்சராக வந்த வோங்கா, அதிக வட்டிக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் கம்பெனி, பெயர் உரிமையையும் சேர்த்து வாங்கியது. வாங்கி என்ன செய்தது தெரியுமா? பழைய பெயரையே திருப்பி மாட்டியது. வட்டிக்காரருக்குத் தெரிந்த ஊர் மனசு முதலாளிக்குத் தெரியாமல் போனது. சவுத்தாம்ப்டன் 2001ல் புது ஸ்டேடியத்துக்கு வெறும் கம்பெனிப் பெயரை வைக்கப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் செயின்ட் மேரிஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டது.

ஆர்சனலுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 2006ல் விமானக் கம்பெனியின் பெயரோடு திறந்த எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு முன்பு வேறு பெயரே இல்லை. பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பது சுலபம், கல்யாணம் ஆன பிள்ளைக்குப் பெயர் மாற்றுவது கஷ்டம். மியூனிக்கில் 2005ல் திறந்த அல்லியன்ஸ் அரீனாவும் அப்படித்தான். ஆகவே புதிதாகக் கட்டும் கிரவுண்டானால் பெயரை விற்கலாம். பழைய கிரவுண்டானால் பழைய பெயரை விட்டுவிட்டு, கேலரியையோ நுழைவாயிலையோ விற்பது நல்லது. ஸ்பான்சர் பிடிவாதமாக இருந்தால் இரண்டு பெயரையும் ஒட்டிக் கேளுங்கள், தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வாங்குபவர் யார் என்பது மூன்றாவது. நல்ல தொகை சொல்பவர் என்று மயங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற பேஸ்பால் அணியின் ஸ்டேடியத்துக்கு 1999ல் என்ரான் கம்பெனி 30 வருடத்துக்கு 10 கோடி டாலர் பேசியது. 2001 டிசம்பரில் என்ரான் திவால். ஊரெல்லாம் மோசடிக் கதை பேசும்போது வாசலில் அந்தப் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றுவதற்கு அணிதான் 21 லட்சம் டாலர் கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்கியது. மேலே சொன்ன எஃப்டிஎக்ஸ் 19 வருடத்துக்கு 13.5 கோடி டாலர் பேசி, 2022 நவம்பரில் திவாலானது. நம் பக்கமும் பார்த்தாயிற்றே. இந்தியக் கிரிக்கெட் ஜெர்சியில் இருந்த பைஜூஸ், 158 கோடி ரூபாய் பாக்கி என்று கிரிக்கெட் வாரியமே தீர்ப்பாயம் போகும் நிலைக்கு வந்தது. அப்புறம் அதே ஜெர்சிக்கு வந்த டிரீம் 11, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் சட்டம் தடைசெய்ததும் நடுவழியில் கழன்றுகொண்டது.

எங்கள் சித்தூர் தாலுகாவில் ரொக்கம் புழங்கும் தொழில்களில் கள்ளும் ஒன்று. ஒருவர் ஆசையாகத்தான் வந்தார். மது விளம்பரத்துக்குக் கேரளத்தில் தடை என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். புகையிலைக்கும் தடை உண்டு.

எங்கள் ஒப்பந்தத்தில் விட்டுப்போன வரிகள் மூன்று. வருடக் காசு சீசன் தொடங்கும் முன் முழுதாக வர வேண்டும். வராவிட்டால் முப்பது நாளில் பெயர் தானாக விழும். கம்பெனி திவாலானாலோ வழக்கில் சிக்கினாலோ நாங்கள் வெளியே வரலாம். இந்த மூன்றும் இல்லாததால், ஷட்டர் இறங்கிய பிறகும் ஒரு சீசன் முழுக்க அந்தப் போர்டின் கீழே ஆடினோம். டெபாசிட் போட்டு ஏமாந்தவர்கள் கேலரியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா டிக்கெட் கவுன்ட்டரில் வந்து, என் காசை நீங்கள் தருவீர்களா என்று கேட்டார். அவருக்கு எங்கள் கிளப்பும் அந்தக் கம்பெனியும் ஒன்று.

விலைக்கு வருவோம். பெரிய இடத்து எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது. ஆர்சனல் 10 கோடி பவுண்டு வாங்கியது என்பார்கள். 2004ல் போட்ட அந்த ஒப்பந்தம் 15 வருட ஸ்டேடியப் பெயரையும் 8 வருட ஜெர்சியையும் சேர்த்தது. போதாததற்கு அது டிவியில் உலகம் பார்க்கும் கிளப். நம் கிரவுண்டில் எத்தனை ராத்திரி ஆட்டம், எத்தனை டிக்கெட், யூடியூப் லைவில் எத்தனை பேர், பொள்ளாச்சி ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்து போர்டு தெரியுமா என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் போர்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது. இரண்டு வருடம் கழித்துத்தான் அது உறைத்தது. பேசிய தொகை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். 18 சதவீதம் சின்ன விஷயம் இல்லை.

காலம் அதிகமானாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. போல்டன் கிளப்பின் ஸ்டேடியம் 1997ல் ரீபாக், 2014ல் மேக்ரான், 2018ல் போல்டன் பல்கலைக்கழகம், 2023ல் டஃப்ஷீட் என்று நாலு பெயர் பார்த்துவிட்டது. பெயர் மாறிக்கொண்டே போனால் அடுத்து வருபவர் குறைத்துத்தான் கேட்பார். உள்ளூருக்கு மூன்று வருடம் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலிடத்துப் போட்டி வந்தால் பெயரை மூட வேண்டிவரலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். 2026 உலகக் கோப்பைக்கு அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் தாங்கிய மெட்லைஃப் ஸ்டேடியமே நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம் ஆகிவிட்டது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் அல்லியன்ஸ் என்ற சொல் வராது. நம் ஊரில் மாவட்டப் போட்டி நடத்துபவர் தன் ஸ்பான்சரோடு வந்து நிற்கும்போது சண்டை வரக் கூடாது.

எழுத்தும் ஒரு தலைவலி. எங்கள் பக்கம் போர்டு என்றால் மலையாளம், தமிழ் இரண்டும் வேண்டும். கம்பெனிப் பெயர் மலையாளத்தின் நாலாவது ‘ப’வில் தொடங்கியது. நமக்கு இருப்பதோ ஒரே ‘ப’. பெயின்டர் எழுதி முடித்ததும் பிள்ளைகள் அதை வேறு மாதிரி வாசித்துச் சிரித்தார்கள், நோட்டீஸில் ஒன்று, போர்டில் ஒன்று, ரசீதில் இன்னொன்று என்று ஆனது. கையெழுத்துப் போடும் முன் இரண்டு மொழியிலும் எழுத்தை உறுதிசெய்து, அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

கேலரியை விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணி மைதானத்தில், ஆட்டத்தின்போது இறந்துபோன வீரர் தனராஜனின் குடும்பத்துக்காக நடத்தவிருந்த போட்டிக்கு முன் தற்காலிகக் கேலரி சரிந்து, பலர் காயப்பட்டார்கள். அப்படி ஒன்று நடந்தால் மறுநாள் பேப்பரில் வருவது எந்தப் பெயர் என்று யோசியுங்கள். கமுகுத் தடியை யார் சோதிப்பது, இன்ஷூரன்ஸ் யார் எடுப்பது, எத்தனை பேரை ஏற்றுவது என்று ஒப்பந்தத்தில் இல்லாமல் கேலரிக்குப் பெயர் வைக்காதீர்கள். விவரம் தெரிந்த ஸ்பான்சர் இதை அவராகவே கேட்பார். கேட்காதவரை எனக்கு நம்பிக்கை வராது.

போன சீசனில் கிழக்குக் கேலரியை மட்டும் ஒரு விதைக்கடைக்காரருக்கு மூன்று வருடத்துக்குக் கொடுத்தோம். முத்திரைத்தாளில் இரண்டு பக்கம். அவர் கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார்: மூன்று வருடம் முடிந்து போர்டைக் கழற்றினால் இரும்புச் சட்டம் யாருக்கு? பழைய கம்பெனியின் சட்டம் இன்னும் செயலாளர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. அவர்கள் கேட்டு வருவார்களோ என்று பயந்து இதுவரை எடைக்குப் போடவில்லை. சட்டம் கிளப்புக்கு என்று பன்னிரண்டாவது வரியாக எழுதிச் சேர்த்தோம்.