டெஸ்ட்பெட்டில் முதல் நெட்வொர்க் பரிசோதனை: எங்கே பிழைக்கிறது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தம்பியின் அறை. கம்பஸில் மூன்றாம் வருடம் படிக்கிறான். ஆய்வுக்குக் கணினிகளை இணையம் வழியாக இரவல் தரும் டெஸ்ட்பெட்டான (பரிசோதனைத் தளம்) கிளவுட்லாபில் இரண்டு நோட் (கணினி) எடுத்து, இடையில் ஓர் இணைப்புப் போட்டு, இரண்டு பக்கமும் 20 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்திருந்தான். பிங் அடித்தால் (மறுமுனைக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்தால்) 0.3 மில்லிசெக்கன் என்று வருகிறது. “அண்ணை, டிலே போட்டனான், ஆனா ஒண்டும் நடக்கேல்லை” என்றான். இரண்டு இரவாக நித்திரை இல்லாமல் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

தாமதம் சரியாகத்தான் போட்டிருந்தான். பிங் போன வழிதான் பிழை. புதிதாக வருகிறவர்கள் அதிக நேரத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளவுட்லாப் போன்ற டெஸ்ட்பெட்டில் ஒவ்வொரு நோட்டுக்கும் குறைந்தது இரண்டு கால்கள் இருக்கும். ஒன்று கன்ட்ரோல் நெட்வொர்க். நீங்கள் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் உள்ளே நுழைவது, மென்பொருள் இறக்குவது எல்லாம் அதன் வழியாகத்தான். மற்றது நீங்கள் வரைந்து கேட்ட பரிசோதனை இணைப்பு. அதன் முகவரி பெரும்பாலும் 10.10 என்று தொடங்கும். நோட்டின் நீளமான முழுப் பெயரைக் கொடுத்துப் பிங் அடித்தால் அது கன்ட்ரோல் வழியாகப் போய்விடும். தம்பி செய்தது அதைத்தான். இரண்டு நோட்டும் ஒரே தரவு மையத்தில் இருப்பதால் பதில் உடனே வந்துவிடுகிறது. பரிசோதனை இணைப்பை அவன் தொடவே இல்லை.

இதைப் பிடிக்கச் சுலபமான வழி உண்டு. அளக்கத் தொடங்கும் முன் ‘ஐபி ரூட் கெட்’ என்ற கட்டளைக்கு மறுமுனையின் முகவரியைக் கொடுங்கள். பொதி (தரவுத் துண்டு) எந்த இன்டர்ஃபேஸ் (நோட்டின் நெட்வொர்க் வாசல்) வழியாக வெளிக்கிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த இன்டர்ஃபேஸின் பெயரைக் கொப்பியில் எழுதி வையுங்கள். நோட்டை விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் அந்தப் பெயர் மாறியிருக்கலாம், ஆகவே ஸ்கிரிப்டுக்குள் பெயரை நிரந்தரமாக எழுதி வைப்பதும் பிழை. முகவரியைக் கொண்டு தேடிப் பிடியுங்கள்.

இதே குழப்பம் மறுபக்கமாக நடந்தால் இன்னும் மோசம். தாமதத்தையோ பொதி இழப்பையோ கன்ட்ரோல் இன்டர்ஃபேஸில் போட்டுவிட்டால் உங்கள் எஸ்எஸ்எச்தான் திணறும். 100 வீதம் இழப்பு என்று போட்டால் நீங்களே கதவைப் பூட்டி, திறப்பை உள்ளே வைத்த மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது: கன்ட்ரோல் நெட்வொர்க் எல்லாருக்கும் பொது. அதில் இணைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவரின் வேலை கெடும்.

சரி, தம்பி பரிசோதனை முகவரிக்குப் பிங் அடித்தான். இப்போது 40 மில்லிசெக்கன். “20 தானே போட்டனான்?” என்றான். தாமதம் போடும் நெட்எம் கருவி வெளியே போகும் பொதியை மட்டுமே பிடித்து வைக்கும். போகும்போது ஒரு நோட்டில் 20, பதில் திரும்பும்போது மற்ற நோட்டில் 20. பிங் காட்டுவது போய்வரும் நேரம், எனவே 40 சரியான விடைதான். அறிக்கையில் ‘தாமதம் 20’ என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு எது என்று விளங்காது. ஒருவழியா, போய்வரவா என்று சேர்த்து எழுதுங்கள். முதல் பிங் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம், மறுமுனையின் வன்பொருள் முகவரியைத் தேடுவதற்கு எடுத்த நேரம் அது.

நெட்எமின் இன்னொரு பொறி பலருக்குத் தெரியாது. பிடித்து வைக்கும் பொதிகளுக்கு அதில் ஒரு வரிசை உண்டு, இயல்பான அளவு 1000 பொதிகள். செக்கனுக்கு 500 மெகாபிட் வேகத்தில் யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை; பார்த்து அனுப்புவது டிசிபி) அனுப்பி 50 மில்லிசெக்கன் தாமதமும் போட்டால், எந்த நேரமும் சுமார் 2000 பொதிகள் அந்த வரிசையில் நிற்க வேண்டிவரும். பாதிக்குத்தான் இடம், மீதி கொட்டுப்படும். நீங்களோ இணைப்பில் இழப்பு இருக்கிறது என்று எழுதி வைப்பீர்கள். வரிசையின் எல்லையைக் கூட்டிவிட்டு அளந்தால் அந்த இழப்பு காணாமல் போகும்.

ஐபெர்ஃப்3 ஓட்டும்போது யூடிபிக்கு வேகம் சொல்லாவிட்டால் அது 1 மெகாபிட் வேகத்தில்தான் அனுப்பும். ‘யூடிபி டிசிபியைவிட மெதுவானது’ என்று இதை வைத்து முடிவெழுதிய அறிக்கையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கமாக, 1 கிகாபிட் இணைப்பில் டிசிபி 941 மெகாபிட்டில் நின்றால் அதில் கோளாறு இல்லை. கம்பியில் ஒரு முழுப் பொதி எடுக்கும் 1538 பைட்டில் உங்கள் தரவு 1448 பைட், மீதி தலைப்புகளும் இடைவெளியும்.

ஐபெர்ஃப்3 இயல்பாக 10 செக்கன் மட்டுமே ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். டிசிபி மெல்ல மெல்லத்தான் வேகமெடுக்கும். தாமதம் கூடக்கூட அந்தத் தொடக்கம் நீளும், சராசரியை அது கீழே இழுக்கும். முதல் சில செக்கன்களைக் கணக்கில் எடுக்காமல் விட ஐபெர்ஃப்3இலேயே வசதி உண்டு. 60 செக்கன் ஓட்டுங்கள், பத்துத் தடவை ஓட்டுங்கள், பத்து எண்களையும் காட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் வந்த ஒரே எண்ணை நான் நம்புவதில்லை.

அப்புறம் எங்கள் ஊர்ப் பிரச்சினை. கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். எஸ்எஸ்எச் அறுந்தால் அதற்குள் ஓடிய பரிசோதனையும் பெரும்பாலும் செத்துவிடும். நுழைந்தவுடன், இணைப்பு அறுந்தாலும் வேலையை நோட்டில் உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து அதற்குள் ஓட்டுங்கள். அங்கே வேலை நடந்துகொண்டே இருக்கும், கரண்ட் வந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பதிவுகளில் நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே வையுங்கள். நாங்கள் அதற்கு ஐந்தரை மணி முன்னால் என்ற ஒரு கணக்குப் போதும்.

கிளவுட்லாபில் ஒரு பரிசோதனைக்கு இயல்பாகக் கிடைப்பது 16 மணித்தியாலம். பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கினால் அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முடிந்துவிடும். நோட்டின் சொந்த டிஸ்கில் இருந்ததெல்லாம் அதோடு போய்விடும். இதில் அழுதவர்கள் பலர். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்த கையோடு முடிவுகளை லப்டொப்புக்கு இறக்குங்கள், அல்லது புராஜெக்டுக்கு உரிய பொதுச் சேமிப்பில் போடுங்கள். என்னென்ன நிறுவினீர்கள், கேர்னல் (இயங்குதளத்தின் கரு) எந்தப் பதிப்பு என்பதும் அதே கோப்புறையில் இருக்கட்டும்.

குழுவாகச் செய்யும்போது ஒருவருடைய பிரைவேட் கீயை (எஸ்எஸ்எச்சில் நுழைவதற்கான இரகசியத் திறப்பு) வாட்ஸ்அப்பில் மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆளுக்கொரு கணக்குத் திறந்து, மேற்பார்வையாளரின் புராஜெக்டில் சேர்ந்து, பப்ளிக் கீயை மட்டும் ஏற்றுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

பங்குக் கிணறு உள்ள காணியில் வளர்ந்தவர்களுக்கு முறை என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. இறைத்து முடிந்தால் அடுத்த பங்குக்காரருக்கு விட வேண்டும். டெஸ்ட்பெட்டிலும் நோட்டுகள் எண்ணிக்கையாகத்தான் இருக்கின்றன, மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் காலங்களில் ஒன்றும் கிடைக்காமல் ஆட்கள் காத்திருப்பார்கள். ‘நாளைக்கும் தேவைப்படும்’ என்று சும்மா பிடித்து வைத்து நீட்டிக்க வேண்டாம். அமைப்பை ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருந்தால் நாளைக்குச் சில நிமிடங்களில் திரும்ப எழுப்பலாம்.

தம்பி அன்றிரவு பதினொன்றரை மட்டும் இருந்து பத்து ஓட்டமும் ஓட்டினான். முடிவுகளை இறக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு இன்னும் ஆறு மணித்தியாலம் மிச்சமிருந்த பரிசோதனையை முடித்துவிட்டுப் படுக்கப் போனான்.