டயர் வாங்கும் முன் டயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று டயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். பள்ளங்களுக்குள் விரலை ஓட்டுங்கள். குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் தட்டுப்படும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. பள்ளத்தில் ஆழம் இல்லையென்றால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் அதன் மேலேயே மிதந்து சறுக்கும்.

எப்படித் தேய்ந்திருக்கிறது என்றும் கவனியுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் என்றால் காற்று குறைவு, ஒரே ஓரம் என்றால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் போட்டால் புது டயரும் அப்படியே தேயும். பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஒட்டுப் போட முடியாது, உடனே மாற்ற வேண்டும்.

சரி, எந்த டயர் வாங்குவது? டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்பது போல எழுதியிருக்கும். 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ‘ஆர்’ என்றால் ரேடியல், அதாவது டயரின் உள் இழைகள் அமைந்திருக்கும் விதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ‘எச்’ என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். ‘நான் அவ்வளவு வேகமாகப் போவதில்லையே’ என்று குறைந்த வேகத்துக்கான எழுத்துள்ள டயரை வாங்காதீர்கள். அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் காட்டுகிறது. உங்கள் காருக்கு உரிய அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலும் ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

பலரும் பார்க்காமல் விடுவது தயாரிப்புத் தேதியை. பணம் கொடுக்கும் முன் கட்டாயம் பாருங்கள். ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தேதி: 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும், காணவில்லையென்றால் புரட்டிப் பாருங்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

இரண்டு டயர்தான் வாங்க முடிகிறதா? புதியவற்றைப் பின்னால் போடுங்கள், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

அடுத்து, சக்கரத்தைக் கழற்றுவது. கார் சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்முனைச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காரைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியை கார் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். காருக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக்கூடாது. மாட்டும்போது நட்டுகளை முதலில் கையால் திருகி, காரை இறக்கியபின் எதிரெதிராக இறுக்குங்கள்.

ரிம்மில் புது டயர் ஏற்றுவதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள், அதற்கு இயந்திரம் வேண்டும். வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) கட்டாயம். டயரில் அம்புக்குறி இருந்தால் அது கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். முதல் சில நூறு கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை பிடிமானம் குறைவாகத்தான் இருக்கும். அப்புறம், 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.