மலக்குடல் இறக்க ஆபரேஷனுக்குப் பிறகு செய்யக்கூடாத தவறுகள்

தையல் ஆறிவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது. ஆசனவாய் வழியாக வெளியே இறங்கிவிட்ட மலக்குடலை (பெருங்குடலின் கடைசிப் பகுதி) மேலே இழுத்துக் கட்டுவதோடு ஆபரேஷனின் வேலை முடிந்தது. அதைக் கீழே தள்ளிய மலச்சிக்கல், தீராத இருமல், குடலைக் கீழிருந்து தாங்கும், தளர்ந்துபோன இடுப்புத்தளத் தசை எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

இதில் பெரிய வில்லன் முக்குவதுதான். மலம் போன பிறகும் உள்ளே இன்னும் கொஞ்சம் நிற்கிற மாதிரியே இருக்கும். ஆபரேஷன் முடிந்த புதிதில் இது சகஜம், பல நேரம் உள்ளே ஒன்றும் இருக்காது. அதை நம்பி மூச்சை அடக்கி முக்கினால் வயிற்றின் அழுத்தம் மொத்தமும் புதுத் தையல் மேல்தான் இறங்கும். பத்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். (போனை வெளியே வைத்துவிட்டுப் போனாலே பாதி வேலை முடிந்தது.) நாற்காலி மாதிரியான டாய்லெட் என்றால் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள்.

நார்ச்சத்து நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்பார்கள், சரி, ஆனால் தண்ணீர் குடிக்காமல் அதை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். டிரமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கட்டும் என்பதை மறந்துவிட்டு, பழகிவிடுமோ என்ற பயத்தில் டாக்டர் கொடுத்த மலமிளக்கியைத் தானாகவே நிறுத்துகிறவர்கள் நிறைய. பளு தூக்குவதும் அப்படித்தான், பொதுவாக ஆறு வாரம் வேண்டாம் என்பார்கள், வலி இல்லையே என்று இரண்டாம் வாரமே வாளியைத் தூக்குவார்கள். புகைப்பதால் வரும் இருமலும் ஒவ்வொரு முறையும் குடலைக் கீழே தள்ளுகிற வேலையைத்தான் செய்கிறது.

இந்த இறக்கம் வருடங்கள் கழித்தும் திரும்ப வரலாம். அப்போது மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு இருக்காதீர்கள். வளையம் வளையமாக மடிப்பு தெரிந்தால் பெரும்பாலும் மலக்குடல்தான். வெளியே வந்தது உள்ளே போகாமல் கறுத்து வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தொலைக்காதீர்கள், எந்த வகை ஆபரேஷன் செய்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். ஆசனவாய் வழியாகச் செய்த ஆபரேஷனில் மறுபடி இறங்கும் வாய்ப்பு, வயிற்று வழியைவிடப் பொதுவாக அதிகம். அதோடு முதல் தடவை குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தால், அது தெரியாமல் அடுத்த தடவை வேறு இடத்தில் வெட்டும்போது நடுவில் மாட்டிக்கொள்ளும் பகுதிக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம்.