உயர்த்திய ஜிம்னியின் ஸ்டீயரிங்கைச் சீராக்குவது எப்படி?

சுசூகி ஜிம்னியை 50 மி.மீ. உயர்த்த நீளமான காயில் ஸ்பிரிங்குகளும் அவற்றுக்கேற்ற ஷாக் அப்சார்பர்களும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த ஆக்சில்களை (சக்கர அச்சுகளை) கொண்ட இவ்வண்டியில், ஆக்சில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை ரேடியஸ் ஆர்ம்களும் (ஆக்சிலை முன்பின் நகராமல் சேசிஸோடு பிணைக்கும் கைகள்) பேன்ஹார்டு ராடுமே (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு). சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேலே போனதும் இவற்றின் கோணங்கள் மாறிவிடுகின்றன. அவற்றைத் திருத்தாமல் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்தானது.

முதலில் கவனிக்க வேண்டியது காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. ஆர்ம்களின் பின்முனை சேசிஸோடு சேர்ந்து உயர்வதால் முன் ஆக்சிலின் மேற்பகுதி முன்பக்கம் சாய்ந்து காஸ்டர் குறைகிறது. அதனால் திருப்பத்திற்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. வேகத்தில் வண்டி அலைபாயும். 50 மி.மீ. உயரத்திற்கு, ஆர்ம்களின் ஆக்சில் முனையில் மையம் விலகிய துளையுள்ள புஷ்களை (இணைப்பில் அமரும் உருளை வடிவ மெத்தைகளை) பொருத்துவதே என் தேர்வு. சேசிஸ் முனையில் பிராக்கெட் வைத்து ஆர்மை இறக்கினாலும் காஸ்டர் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தப் பிராக்கெட் பாறையில் இடிக்கும். எந்த வழியிலும் காஸ்டரை அளவுக்கு மீறிக் கூட்டினால், முன் டிஃபரன்ஷியலின் பின்னோக்கிய மூக்கு கீழே சாய்ந்து, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்டில் அதிர்வு தோன்றும்.

அடுத்தது பேன்ஹார்டு ராடு. அதன் நீளம் மாறாததால், வண்டி உயரும்போது ஆக்சில் ஒரு பக்கமாக நகர்கிறது. சமதரையில் நிறுத்தி, இரு பக்கமும் சேசிஸிலிருந்து சக்கரம் வரையுள்ள தூரத்தை அளந்தால், அந்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பாதியே விலகல். நீளத்தைச் சரிசெய்யக்கூடிய ராடால் இதைப் போக்கலாம். பேன்ஹார்டு ராடும் ஸ்டீயரிங் டிராக் லிங்கும் (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிராக்கெட் வைத்து இறக்கினால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே திரும்பும்.

டிராக் லிங்கின் சரிவு கூடியதால் நேராக ஓடும்போதும் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். அந்த வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவது தவறான வழி. அதனால் ஸ்டீயரிங் பாக்ஸ் தன் மையத்தை விட்டு விலகியே இயங்கும், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் சென்சாரும் குழம்பும். டிராக் லிங்கின் நீளத்தைத் திருத்தியே நேராக்க வேண்டும்.

முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் நடுங்கினால் உடனே கனமான ஸ்டீயரிங் டாம்பரை (ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் கருவி) வாங்க வேண்டாம். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. பேன்ஹார்டு புஷ், கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்), டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முனைகள், டயர் பேலன்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் முழு எடையுடன் நிற்கும்போது மட்டுமே இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். ஆக்சில் முழுவதும் கீழிறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், பொருள் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்து, காஸ்டர் அளவையும் அச்சிட்டு வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.