பழைய புளூஸ் கேட்கத் தொடங்குவது எப்படி: ஆண்டையும் ஊரையும் பிடித்துக்கொண்டு ஒரு பயணம்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த புளூஸ் இசையைக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் நான் முதலில் எடுத்தது, 'கட்டாயம் கேட்க வேண்டிய நூறு பாட்டுகள்' என்ற வகையிலான ஒரு பட்டியல். நான்கே நாளில் சலித்துவிட்டது. 1927-இன் பாட்டுக்கு அடுத்து 1965-இன் பாட்டு, உடனே மறுபடி 1931. யாருக்கு யாரோடு என்ன உறவு என்றே புரியவில்லை. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பிடித்த ஒரே ஒரு பாட்டின் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போன பிறகுதான் இந்த இசை எனக்குள் இறங்கியது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்பாட்டிஃபை, யூடியூப் எதுவானாலும் போதும். பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தேடுங்கள்.

படி 1: சிகாகோவில் தொடங்குங்கள்

மிகப் பழைய பதிவுகளில் தொடங்க வேண்டாம். 1950-களின் சிகாகோவில் செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பாட்டுகள் இன்றைய காதுக்கும் தெளிவாகக் கேட்கும். மூன்று போதும்: மடி வாட்டர்ஸின் 'ஹூச்சி கூச்சி மேன்' (1954), ஹௌலிங் உல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' (1956), லிட்டில் வால்டரின் 'ஜூக்' (1952). கடைசியில் சொன்னதில் பாட்டு வரிகளே இல்லை. மௌத் ஆர்கன்தான் பாடுகிறது. வால்டர் மைக்கையும் மௌத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்திக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் வழியாக ஊதுவார். அதனால்தான் அந்தச் சின்னக் கருவியில் சாக்சபோனின் கனம் வருகிறது.

மூன்றையும் ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேளுங்கள். எது உங்களை விடாமல் பிடித்துக்கொள்கிறதோ அதுதான் உங்கள் நூல் முனை. எனக்கு அது மடி வாட்டர்ஸ்.

படி 2: ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளைக் கேளுங்கள்

1941-இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர்களான ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனார்கள். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் அவர்களுக்காகப் பாடிய பாட்டுகளில் ஒன்று 'ஐ பீஸ் டிரபிள்ட்'. 1943-இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1948-இல் அதே பாட்டு, மின்சாரக் கிட்டாரோடு, 'ஐ காண்ட் பி சாடிஸ்ஃபைட்' என்ற பெயரில் வெளிவந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற நிதானம். இரண்டாவதில் கிட்டார் கம்பிமேல் வழுக்கும் சிலைடு என்ற குழாயின் ஒலி கத்திபோல் கிழிக்கிறது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இழைவு அந்நியமாக இருக்காது. தோட்டத்திலிருந்து தொழில் நகரத்துக்கு மக்கள் போனபோது இசைக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த இரண்டு பாட்டுகளே சொல்லிவிடும். 1941, 1942 பதிவுகள் 'தி கம்ப்ளீட் பிளாண்டேஷன் ரெக்கார்டிங்ஸ்' என்ற தொகுப்பில் உள்ளன. நடுவில் லோமாக்ஸ் கேட்கும் கேள்விகளும் உண்டு. அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். யாரிடம் கற்றார் என்று மடி வாட்டர்ஸ் சொல்லும் பெயர்தான் உங்கள் அடுத்த படி: சன் ஹவுஸ்.

படி 3: ஆண்டையும் ஆளையும் சரிபாருங்கள்

இந்தப் படியில்தான் நான் மாதக்கணக்கில் திணறினேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்திய செயலியில் பாட்டுக்குக் கீழே 2011 என்றும் 2015 என்றும் போட்டிருந்தது. அது தொகுப்பு வெளியான ஆண்டு. பாட்டு பதிவான ஆண்டு எங்கேயும் இல்லை. சன் ஹவுஸ் என்று தேடி, கிடைத்ததை 1930-இன் குரல் என்றே நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அது 1965-இல் பாடியது.

இந்த வேறுபாடு சிறியதில்லை. சன் ஹவுஸ் 1930-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டனில் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடினார். 'மை பிளாக் மாமா' இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்பதால் இரண்டு பக்கங்களிலும் பதித்தார்கள். பிறகு அவர் இசையை விட்டே விலகிவிட்டார். 1964-இல் ஆர்வலர்கள் அவரை ரோச்செஸ்டர் நகரத்தில் கண்டுபிடித்தபோது தம் பாட்டுகளை மறந்துபோயிருந்தார். பழைய தட்டுகளைக் கேட்டுக் கற்றிருந்த ஆல் வில்சன் என்ற இளைஞர்தான் அவற்றை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். அதற்குப் பின் வந்ததுதான் 1965-இன் 'டெத் லெட்டர்'. பழைய 'மை பிளாக் மாமா'வின் வரிகள் அதற்குள் இருக்கின்றன. இளமையில் பாடியதும் முதுமையில் மீட்டெடுத்துப் பாடியதும் வெவ்வேறு அனுபவங்கள். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் இரண்டுமே நெஞ்சை உலுக்கும்.

அடுத்த சிக்கல் பெயர். சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே மௌத் ஆர்கன் கலைஞர்கள். முதலாமவர் ஜான் லீ வில்லியம்சன். 1937-இல் 'குட் மார்னிங், ஸ்கூல் கேர்ள்' பதித்தவர், 1948-இல் சிகாகோவில் கொல்லப்பட்டார். இரண்டாமவர் ரைஸ் மில்லர்; முதலாமவர் உயிரோடிருக்கும்போதே ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹெலினா நகர வானொலியில் அதே பெயரில் வாசித்து வந்தார். செயலிகளில் இருவர் பாட்டும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். ஒரு சுலபமான வழி சொல்கிறேன்: ரைஸ் மில்லரின் இசைத்தட்டுகள் 1951-இல்தான் தொடங்குகின்றன. ஆகவே பதிவு 1948-க்கு முந்தையது என்றால் ஜான் லீ. 1951 அல்லது அதற்குப் பின் என்றால் மில்லர்.

சரிபார்க்க இரண்டு இடங்களை நம்புகிறேன். சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் இணையப் பட்டியல் ஒன்று; பதிவான நாளும் ஊரும் அதில் கிடைக்கும். 1950-களுக்கு, இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளம். இவற்றோடு ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாடகர், பாட்டு, பதிவான ஆண்டு, ஊர் என்று நான்கு கட்டம் போதும். என் நோட்டின் ஒரு பக்கத்தில் கிராஃப்டன் என்ற ஊர் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான் ஸ்கிப் ஜேம்ஸிடம் போய்ச் சேர்ந்தேன். 1931-இல் அங்கே பதிவான அவருடைய 'டெவில் காட் மை உமன்' எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது.

படி 4: இரைச்சலோடு சமாதானம் ஆகுங்கள்

பாரமவுண்ட் பதிவுகள் பொரிந்துகொண்டே இருக்கும். நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றின் கிளைத் தொழில் அது. தட்டுக்கு மலிவான கலவையைப் பயன்படுத்தினார்கள். மூல அச்சுகளும் கைவிட்டுப் போய்விட்டன. சேகரிப்பாளர்களிடம் மிஞ்சிய தேய்ந்த தட்டுகளிலிருந்துதான் இன்றைய பிரதிகள் வருகின்றன. இரைச்சலை முழுக்கத் துடைத்துவிட்டதாகச் சொல்லும் பதிப்புகளைத் தவிருங்கள். இரைச்சலோடு குரலின் உயிரும் போயிருக்கும். ஒரு பாடகரின் எல்லாப் பாட்டும் கால வரிசையில் வேண்டுமென்றால் டாக்குமெண்ட் நிறுவனத்தின் தொகுப்புகள். கேட்டு மகிழ யாஸூ நிறுவனத்தின் தொகுப்புகள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு அறையில் சிறிய ஸ்பீக்கரில் கேளுங்கள், பொரிச்சல் பின்னுக்குப் போய்விடும். வரி புரியவில்லை என்றாலும் பொறுங்கள். புளூஸில் பெரும்பாலும் முதல் வரியை இரண்டு முறை பாடிவிட்டுத்தான் மூன்றாம் வரியில் பதில் சொல்வார்கள். முதல் முறை தவறியது இரண்டாம் முறை பிடிபடும்.

இரைச்சல் தாங்கவே முடியாதவர்கள் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1928 பதிவுகளைக் கேட்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். 'அவலான் புளூஸ்' பாட்டில் தம் சொந்த ஊரின் பெயரைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போன டாம் ஹாஸ்கின்ஸ் 1963-இல் அவரை அதே அவலானில் கண்டுபிடித்தார்.

படி 5: பெண்களிடம் வாருங்கள்

கிட்டார் ஆண்களோடு நின்றுவிட்டால் கதையின் தொடக்கமே போய்விடும். புளூஸை இசைத்தட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது மேமி ஸ்மித் 1920-இல் பாடிய 'கிரேஸி புளூஸ்'. பெஸ்ஸி ஸ்மித் 1925-இல் பாடிய 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பதிவில் மூன்றே பேர்: அவர் குரல், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி), ஒரு ஆர்மோனியம். மைக் வராத காலம். ஒலிவாங்கும் கூம்புக்கு முன்னால் நின்று பாடியது. அவர் ஒரு வரி முடித்து மூச்சு விடும் இடைவெளியில் கார்னெட் பதில் சொல்கிறது. அந்த உரையாடலை மட்டும் கவனித்து ஒரு முறை கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: மிசிசிப்பியின் புகழ்பெற்ற புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனை ஏன் சொல்லவில்லை என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கட்டாயம் கேளுங்கள். ஆனால் 1990-இல் வந்த முழுத் தொகுப்பில் தொடங்காதீர்கள். அவர் 1936, 1937-இல் பதித்தவை 29 பாட்டுகள். அந்தத் தொகுப்பில் ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருப்பதால் புதியவர்கள் களைத்துவிடுகிறார்கள். 16 பாட்டுகள் கொண்ட 1961-இன் 'கிங் ஆஃப் தி டெல்டா புளூஸ் சிங்கர்ஸ்' தொகுப்பே நல்ல வாசல்.

பின்சேர்க்கை 2: இலவசமாகத் தரவிறக்க முடியுமா என்றும் கேள்வி வந்தது. 1923 முடிய வெளியான ஒலிப்பதிவுகள் அமெரிக்காவில் 2024 ஜனவரி 1-க்குள் காப்புரிமை நீங்கிப் பொதுச் சொத்து ஆகிவிட்டன. மேமி ஸ்மித்தின் 'கிரேஸி புளூஸ்', பெஸ்ஸி ஸ்மித்தின் 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' இரண்டும் அதில் அடங்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் தேடும்போது ஒரே தட்டின் பல பிரதிகள் வரலாம். முதலில் வருவதை எடுத்துவிடாமல், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தேய்மானம் குறைந்ததை எடுங்கள்.