திரையை அப்புறம் வரையலாம்: இன்டராக்‌ஷன் டிசைனில் யோசனை பிடிக்கும் வழி

ஒரு ஆப்போ கருவியோ மனிதரோடு எப்படி இயங்கணும் என்று திட்டமிடுவதுதான் இன்டராக்‌ஷன் டிசைன். அந்த வேலை கைக்கு வந்ததும், திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறந்து, போன் அளவில் ஒரு ஃபிரேமைப் போட்டு, லைப்ரரியிலிருந்து நாலு பட்டன், ரெண்டு கார்டு என்று இழுத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பார்க்க லட்சணமாக ஒன்று வந்துவிடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முடிந்த மாதிரி தெரிகிற ஒன்றை யாரும் மறுபடி யோசிப்பதில்லை. மீட்டிங்கில் எல்லோரும் நிறத்தையும் இடைவெளியையும் பற்றியே பேசுவார்கள், 'இது இப்படித்தான் இயங்கணுமா?' என்று ஒருத்தர்கூடக் கேட்க மாட்டார்.

இது சோம்பேறித்தனம் இல்லை, மனசு வேலை செய்கிற விதமே அப்படி. 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொறியியல் படிப்பவர்களுக்கு ஒரு மாதிரி வடிவத்தைக் காட்டிவிட்டு, சிந்தாத காபி கப் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். காட்டிய மாதிரியில் ஸ்ட்ரா இருந்தது. ஸ்ட்ரா வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியும் இருந்தார்கள். அப்படியும் மாதிரியைப் பார்த்தவர்களில் பலர் ஸ்ட்ரா வைத்தே வரைந்தார்கள். கண்ணில் பட்டது கையில் வந்துவிடுகிறது. ஃபிக்மாவில் நீங்கள் இழுத்து வைத்த முதல் கார்டும் அப்படித்தான். ஒரே வாக்கியத்தைக் கொடுத்தால் முழுத் திரையையே தட்டில் வைத்துத் தருகிற ஏஐ கருவிகளுக்கும் இதே பேச்சுதான்: அவற்றைப் பயன்படுத்துங்கள், ஆனால் உங்கள் சொந்த யோசனைகள் தாளில் ஏறிய பிறகு.

முதலில் நடப்பதை எழுதுங்கள்

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்டதுமே மனதில் வருவது என்ன? மாத்திரைப் பட்டியல், நேரம், மணி அடித்ததும் 'போட்டாச்சு' என்று பெரிய பட்டன். இதை வரையாதீர்கள். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்பதைத் தாளில் வரிவரியாக எழுதுங்கள். 'பயனர்', 'அனுபவம்' மாதிரியான சொற்கள் வேண்டாம், வினைச்சொற்கள் போதும்.

இரவு 8 மணி. ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் போன் கத்துகிறது. கை ஈரம், துடைத்துக்கொண்டே ஓடுகிறார். குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கிறது, சத்தத்தை உடனே நிறுத்தணும். திரையில் பெரிதாகத் தெரிவது 'போட்டாச்சு'. அழுத்துகிறார், சத்தம் நிற்கிறது. திரும்பிப் போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவுகிறார். மாத்திரை, வேளைக்கு ஒரு குழி வைத்த டப்பாவிலேயே இருக்கிறது. 10 மணிக்குப் படுக்கப் போகும்போது 'போட்டேனா, இல்லையா?' என்று சந்தேகம். ஆப்பைத் திறந்தால் பச்சை டிக்.

ஆப் பொய் சொல்கிறது, அந்தப் பொய்யை அவர் வாயில் திணித்ததும் அதே ஆப்தான். சத்தத்தை அடக்குவதும் உண்மையைச் சொல்வதும் ஒரே பட்டனில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை அழகான திரை வரைந்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் பிரச்சினை திரையில் இல்லை, 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் இருக்கிறது.

எழுதிய வரிகளை அலச ஒரு நல்ல கருவி உண்டு. 1980-களில் பில் மாக்ரிட்ஜும் பில் வெர்ப்ளாங்கும்தான் இந்த வேலைக்கு 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்று பெயர் வைத்தார்கள். அதில் வெர்ப்ளாங்க் எப்போதும் மூன்று கேள்விகள் கேட்பார்: இதை எப்படிச் செய்வது, எப்படி உணர்வது, எப்படித் தெரிந்துகொள்வது. மேலே உள்ள ஒவ்வொரு வரிக்கும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். ஈரக் கையோடு எப்படிச் செய்வார்? சத்தம் அவருக்கு என்ன உணர்வைத் தருகிறது, நினைவா எரிச்சலா? இரண்டு மணி நேரம் கழித்து, நடந்தது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வார்? பெரும்பாலான டிசைனர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். புது யோசனைகள் கிடைப்பது மூன்றாவதில்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

'மறந்துபோகிறவருக்கு நினைவூட்டுவது எப்படி' என்பது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. எழுதிய காட்சியைப் பார்த்தால் வேறு கேள்விகள் கிளம்பும். போட்டோமா இல்லையா என்று குழம்புகிறவருக்குப் பதில் சொல்வது எப்படி? தவறாக அழுத்தியதை இரண்டு மணி நேரம் கழித்துத் திருத்துவது எப்படி? மாத்திரையும் போனும் வேறு வேறு அறையில் இருந்தால் என்ன செய்வது? யாரும் எதையும் அழுத்தாமலே ஆப்புக்குத் தெரிய முடியுமா?

இப்படி ஏழெட்டு எழுதுங்கள். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று சாதாரணமானது, இன்னொன்று கொஞ்சம் கிறுக்குத்தனமானது. எனக்கென்னவோ, குழம்புகிறவரைப் பற்றிய கேள்விதான் இங்கே தங்கம். மறந்தால் ஒரு வேளை மருந்து போகும், குழம்பினால் ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

தனியாக வரைந்துவிட்டுக் கூடுங்கள்

எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து 'யோசனை சொல்லுங்க' என்று ஆரம்பிக்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். பிரெய்ன்ஸ்டார்மிங் என்கிற இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் விளம்பரத் துறையிலிருந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். ஆனால் 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, குழுவாக உட்கார்ந்தவர்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியலைச் சேர்த்தால் அதிக யோசனைகள் கிடைத்தன. காரணத்தை 1987-இல் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் தோண்டி எடுத்தார்கள்: ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பிலேயே யோசனை வடிந்துவிடுகிறது. மேனேஜர் முதலில் பேசினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, முதல் 20 நிமிடம் பேச்சே வேண்டாம். ஏ4 தாளை மூன்று தடவை மடித்துப் பிரித்தால் 8 கட்டம் கிடைக்கும். கட்டத்துக்கு ஒரு யோசனை, யோசனைக்கு ஒரு நிமிடம், எல்லாம் ஒரே கேள்விக்கான பதில். தடிமனான மார்க்கரால் வரையுங்கள், நுணுக்கமாக வரைய முடியாமல் போவது நல்லதுதான். நாலாவது கட்டத்தோடு சரக்கு தீர்ந்துவிடும், அது எல்லோருக்கும் நடப்பது. முதல் நாலும் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த ஆப்கள்தான், அவை வெளியே போனால்தான் அடுத்தது வரும். சில சமயம் வராது, அன்றைக்கு 8 கட்டமும் குப்பை. பரவாயில்லை, தாள்தானே.

அஞ்சாவதில் சிக்கிக்கொண்டால் ஒரு கட்டுப்பாட்டைத் திணியுங்கள். திரையே இல்லை என்றால்? நம் உதாரணத்தில் உடனே டப்பா பேச ஆரம்பிக்கும்: மூடியைத் திறந்தாலே 'போட்டாச்சு' என்று கணக்கு. சத்தமே கூடாது என்றால்? விளக்கு, அதிர்வு, போனை எடுக்கும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு வரி. கண் தெரியாதவர் பயன்படுத்தினால்? ஒரே ஒரு சொல்தான் காட்டலாம் என்றால்? ஆப்பே பயனரை நம்பக் கூடாது என்றால்? இந்தக் கடைசி விதியிலிருந்து எனக்குப் பிடித்த பதில் ஒன்று வரும்: மணி அடிக்கும்போது எந்தப் பட்டனை அழுத்தினாலும் சத்தம் மட்டுமே நிற்கும், கணக்கில் எதுவும் ஏறாது. பத்து நிமிடம் கழித்து, சத்தமில்லாமல், 'டப்பாவில் இன்று இரவுக் குழி காலியா?' என்று ஒரு கேள்வி. மனிதரின் நினைவைக் கேட்காமல் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறது, வித்தியாசம் அதுதான்.

அதன் பிறகு தாள்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரும் மற்றவரின் கட்டத்தைத் திருடி வளர்க்கலாம். கூட்டம் உதவுவது இந்த இடத்தில்தான்.

நடுவில் உள்ள நேரத்தை வரையுங்கள்

இரண்டு மூன்று யோசனைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் சித்திரக் கதை மாதிரி ஆறு கட்டத்தில் வரையுங்கள். குச்சி மனிதர் போதும். கட்டாயம் இருக்க வேண்டியவை: ஆப்பைத் திறப்பதற்கு முந்தைய கணம், ஏதோ தப்பாகப் போகிற கணம், ஆப்பை மூடி ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய கணம்.

திரைகளை வரைகிறவர்கள் விட்டுவிடுவது நிலைகளைத்தான்: எதுவுமே சேர்க்காத முதல் நாள், நெட் இல்லாத நேரம், பாதி பதிவாகி நின்றுபோனது, தவறாக அழுத்தியது. இவை டெவலப்பர் கேட்கும்போது அவசரமாக ஒட்டவேண்டிய விஷயங்கள் இல்லை, யோசனைகளின் சுரங்கமே இங்கேதான். ஜிமெயிலின் 'அனுப்பியதைத் திரும்பப் பெறு' வசதியைப் பாருங்கள். 2009-இல் சோதனை வசதியாக வந்தது. அனுப்பிய மெயிலை யாராலும் பறித்துவர முடியாது, அது செய்வதெல்லாம் சில வினாடிகள் அனுப்பாமல் பிடித்து வைத்திருப்பதுதான். இன்று அதிகபட்சம் 30 வினாடி. 'நிச்சயமாக அனுப்பவா?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு உயிரை வாங்காமல், தப்பு செய்தபின் வருந்துவதற்கு ஒரு சின்ன இடைவெளி கொடுத்தார்கள். திரையில் சேர்ந்தது ஒரே ஒரு வரி.

நேரத்துக்கென்று ஒரு பழைய அளவுகோலும் இருக்கிறது: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 வினாடி வரை யோசனை அறுபடாது, 10 வினாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். உங்கள் ஆறு கட்டங்களுக்கு நடுவே இந்த எண்களை எழுதிப் பாருங்கள். எங்கே காத்திருப்பு நீள்கிறதோ அங்கே வேறு யோசனை தேவை.

கட்டாமலே நடிக்க வையுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், பலர் தாண்டிப் போய்விடுவதும் இதையே. 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கும்போது ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பை அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு சுற்றினார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்துக் குச்சியால் குறிப்பது மாதிரி நடிப்பார். அதே மாதிரி 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள், பேசினால் எழுதும் தட்டச்சு இயந்திரம் எப்படி இருக்கும் என்று சோதித்தபோது, மறைவில் ஒரு தட்டச்சாளரை உட்காரவைத்துத்தான் சோதித்தார்கள். பேசினவருக்கு இயந்திரம் எழுதுகிற மாதிரி தெரிந்தது.

நம் ஆப்புக்கு இதைவிடச் சுலபம். தெரிந்தவர் ஒருவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் தினமும் இரவு 8 மணிக்கு உங்கள் கையாலேயே மெசேஜ் அனுப்புங்கள். நிஜ மருந்து வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற ஆபத்தில்லாத வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் 'குடிச்சாச்சா?' என்று, மறுநாள் 'டம்ளர் காலியா?' என்று, இன்னொரு நாள் எதுவும் கேட்காமல் ஒரு படம் மட்டும். எதற்கு உடனே பதில் வருகிறது, எதற்கு யோசிக்காமல் 'ம்' என்று வருகிறது, எந்த நாளில் எரிச்சல் எட்டிப்பார்க்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி கோட் கிடையாது, ஆனால் நோட்டிஃபிகேஷன் எப்படிப் பேசணும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் நீட்டாதீர்கள்

கருத்துக் கேட்கும்போது குறைந்தது மூன்று யோசனைகளைச் சேர்த்து வையுங்கள். 2010-இல் ஸ்டீவன் டவ் குழுவினர் ஒரு பரிசோதனை செய்தார்கள்: ஒரு தரப்பு விளம்பரங்களை ஒவ்வொன்றாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் கருத்து வாங்கியது, மற்றொரு தரப்பு பலவற்றைச் சேர்த்து வரைந்து மொத்தமாகக் கருத்து வாங்கியது. வரைந்த எண்ணிக்கை இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். சேர்த்து வரைந்தவர்களின் விளம்பரங்களுக்குத்தான் அதிகக் கிளிக் கிடைத்தது, அவர்களின் தன்னம்பிக்கையும் கூடியிருந்தது. ஒன்றே ஒன்றைக் காட்டினால் எதிரில் இருப்பவர் உங்களை மதிப்பிடுகிறார், நீங்களும் அதற்காக வாதாட ஆரம்பிப்பீர்கள். மூன்றைக் காட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பிடுகிறீர்கள்.

பயனரிடம் போகும்போது 'பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவாவது 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்து, 'நேற்று ராத்திரி மாத்திரை போட்டீங்களா இல்லையான்னு இதுல பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு விரலைக் கவனியுங்கள். ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும், திருத்திவிட்டு அடுத்த 5 பேரிடம் போங்கள்.

எங்கே புதுமை வேண்டாம்

பின்னால் போகும் அம்பு, தேடும் பெட்டி, பாஸ்வேர்ட் புலம், பட்டன் அளவு — இவற்றில் உங்கள் கற்பனையைக் காட்ட வேண்டாம். தொடும் பட்டன் குறைந்தது இவ்வளவு இருக்கணும் என்று ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி என்கிறது (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்), அப்படியே வைத்துவிடுங்கள். இலக்கு சின்னதாகவும் தூரமாகவும் இருந்தால் தொட நேரமாகும் என்பதை உளவியலாளர் ஃபிட்ஸ் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஒரு ஆப்பில் மனிதர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பது ஒன்றோ இரண்டோ விஷயம்தான். நம் ஆப்பில் அது அந்த 'குழி காலியா?' கேள்வி. மற்றதெல்லாம் மற்ற ஆப்களைப் போலவே இருக்கட்டும்.

இப்போது ஃபிக்மாவைத் திறக்கலாம். திரைகளோடு அந்த ஆறு கட்டக் கதையையும் அதே ஃபைலில் முதல் பக்கத்தில் ஒட்டி டெவலப்பரிடம் கொடுங்கள், சத்தம் நின்றும் கணக்கு ஏன் ஏறவில்லை, இது மென்பொருள் பிழையா (பக்) என்று கேட்கிறவருக்கு அதைக் காட்டினால் போதும். வேண்டாம் என்று ஒதுக்கிய கட்டங்களைத் தூக்கிப் போடாமல், தேதியும் ஒதுக்கிய காரணமும் பின்னால் எழுதி வையுங்கள். மூடி திறந்தால் கணக்கு வைக்கும் டப்பா இந்த முறை பட்ஜெட்டில் இடிக்கலாம், அடுத்த வெர்ஷனில் யாராவது அதைத்தான் கேட்பார்கள்.