முதலாளி ஊரில் இல்லாதபோதும் நடக்கும் தொழில்: தொலைநோக்கு எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

காரைக்குடியில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மார்ச் மாதம் கணக்கை முடிக்கும்போது, பலகாரக் கடையானாலும் மரவேலைப் பட்டறையானாலும், எதிரே அமரும் உரிமையாளர் ஏறத்தாழ ஒரே குறையைத்தான் சொல்கிறார்: வியாபாரம் நடக்கிறது, ஆனால் அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் குறைக்கு மருந்தாகத்தான் "விஷன்", அதாவது தொலைநோக்கு, எழுதச் சொல்கிறார்கள். எழுதியும் விடுகிறார்கள். எழுதியது பெரும்பாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இங்கே எதைத் தொலைநோக்கு என்று சொல்கிறேன் என்பதை விளக்க இந்த மண்ணின் பழைய தொழில்முறையே போதும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வட்டிக்கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர், பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குப் போன ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே வேலை பழகும் பெட்டியடிப் பையன். கடிதம் கப்பலேறிப் போய்ப் பதில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்ற நிலையில், கடன் கேட்டு வாசலில் நிற்கும் விவசாயிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஏஜெண்டு அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். முதலாளியின் மனத்தில் இருப்பது அந்த ஏஜெண்டுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரியுமோ அந்த அளவுக்குத்தான் கடை தேறும். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது உங்கள் ஆள் உங்கள் மனப்படி முடிவெடுக்கத் துணை செய்வது எதுவோ, அதுதான் தொலைநோக்கு. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு தேவையைச் சுற்றித்தான் செல்கின்றன.

உதாரணத்துக்கு, நான் கணக்கு எழுதும் ஓர் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ வேலைச் சிமெண்டுக் கல்) பட்டறையை எடுத்துக்கொள்கிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல்.

படி 1: இன்றைய நிலையை அரைப் பக்கத்தில் எழுதுங்கள்

கையால் எழுதுங்கள், கணினி வேண்டாம். யார் வாங்குகிறார்கள், எதை வாங்குகிறார்கள், எதில் காசு நிற்கிறது, நாளைக்கே கடையை மூடினால் யார் வருத்தப்படுவார்கள் என்ற நான்கையும் எழுதினால் போதும். நான்காவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் எல்லோருக்கும் கை நிற்கிறது. கல் பட்டறைக்காரர் அந்த இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள்" என்று எழுதினார். தளத்தில் நாலு கல் உடைந்த வீட்டுக்கு அதே பூ, அதே நிறத்தில் வார்த்துத் தருபவர் அவர். அதுவரை அதைச் சில்லறை வேலை என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்.

படி 2: மூன்றாண்டு தள்ளி நின்று பாருங்கள்

பத்தாண்டு, இருபதாண்டு என்று தொடங்குபவர்கள் கதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்; ஓராண்டு என்பது வெறும் விற்பனை இலக்காகச் சுருங்கிவிடுகிறது. ஏஜெண்டின் தவணையைப் போல மூன்றாண்டு என்பது புதியவர்களுக்கு ஏற்ற தூரம் என்பது என் கருத்து. அந்த நாளில் உங்கள் பட்டறை எப்படி இருக்கும் என்று எழுதுவதைவிட, உங்களிடம் வாங்குபவரின் வீட்டில் என்ன மாறியிருக்கும் என்று எழுதுங்கள். கட்டடம் பெரிதாவது உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம், உங்கள் ஆட்களுக்கு அதில் தனியாக ஒன்றும் இல்லை.

நோக்கம் தெளிவாக இருந்தால் முதல் நாள் என்ன செய்வது என்பதையும் அதுவே சொல்லிவிடும். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் நோக்கம் வெளிநாட்டு வங்கித்தொழிலும் அந்நியச் செலாவணியும். 1937 பிப்ரவரி 10 அன்று அது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. கடல் தாண்டிய பணப் போக்குவரத்துக்காகவே ஒரு வங்கி என்றால், முதல் நாளே கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கிளை இருந்தாக வேண்டும் அல்லவா?

படி 3: ஒரே வாக்கியம்

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கல் பட்டறைக்காரர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இது: "தரமான பொருட்களை நியாயமான விலையில் வழங்கி, வாடிக்கையாளர்களின் திருப்தியைப் பெற்று, தமிழகத்தின் முன்னணி நிறுவனமாக உயர்வது." நான் அவரிடம், எதிரே இருக்கும் மளிகைக் கடையில் இந்தப் பலகையை மாட்டினால் பொருந்துமா என்று கேட்டேன். பொருந்தும் என்று சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். (அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. என் அலுவலகச் சுவரிலும் இதே போன்ற ஒரு வாக்கியம் சட்டத்துக்குள் இருந்தது. அதன்மேல் தினசரிக் காலண்டர் மாட்டப்பட்டு எட்டு மாதம் ஆகியிருந்ததை நானே கவனிக்கவில்லை.)

இரண்டாவது முயற்சிக்கு முன், பட்டறையில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார்ப்போம் என்று அழைத்துப் போனார். துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, குழைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார் மேஸ்திரி. அச்சைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், ஏனென்றால் கை அசைந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூள், அதற்கும் மேல் ஈரக் கலவை. மட்டம் செய்து காய வைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற விடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை விட்டுக் கல் பிரிந்து வரும்போது தெரியும் பளபளப்பு, கண்ணாடி தந்த பளபளப்புதான். அந்த மேஸ்திரி வார்த்த கல்லையும் பக்கத்தில் இருப்பவர் வார்த்த கல்லையும் அருகருகே வைத்தால் இதழின் ஓரம் வேறாக இருக்கிறது. இயந்திரத்தில் அச்சடித்த செராமிக் கல்லில் அந்த வேறுபாடு வராது.

அன்று மாலை எழுதிய வாக்கியம்: "2029 தைக்குள், செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கிற எவரும் முதலில் தேடி வருகிற, ஒவ்வொரு கல்லையும் யார் கை வார்த்தது என்று சொல்லக்கூடிய பட்டறையாக நாம் இருப்போம்." நாள் இருக்கிறது, யாருக்காக என்பது இருக்கிறது, மளிகைக் கடைக்குப் பொருந்தவும் பொருந்தாது. உங்கள் வாக்கியத்தை இந்த மூன்றையும் கேட்டுச் சோதியுங்கள். அதோடு, ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள்.

படி 4: எதையெல்லாம் செய்யமாட்டோம் என்று எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது, என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருவதும் இதுதான். ஒரு தொலைநோக்கினால் நீங்கள் எந்த ஆர்டரையும் மறுக்கவில்லை என்றால், அது இன்னும் தொழிலுக்குள் நுழையவில்லை என்று பொருள்.

கல் பட்டறை மூன்று மறுப்புகளை எழுதிக்கொண்டது. ஊற வைக்கும் நாளைக் குறைக்கச் சொல்லும் அவசர ஆர்டரை எடுப்பதில்லை. ஆத்தங்குடிப் பூவை அச்சடித்த செராமிக் கல்லை வெளியிலிருந்து வாங்கி, நம் கல் என்று விற்பதில்லை. நாலு கல்லானாலும் பழைய வீட்டு வேலையைச் சிறிது என்று திருப்பி அனுப்புவதில்லை. இரண்டாவதை எழுதும்போது அவருக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் செராமிக் கல்லில் கைவேலை இல்லாமலே லாபம் இருந்தது. அந்த லாபம் எவ்வளவு என்று கடந்த ஆண்டுப் பேரேட்டைப் புரட்டிக் கூட்டிக் காட்டினேன். விடுவது எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார். நீங்களும் மறுப்பின் விலையைக் கணக்கிட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். விலை தெரியாமல் எடுத்த உறுதி முதல் நெருக்கடியிலேயே உடைந்துவிடும்.

படி 5: பலகையில் எழுதாமல் வாயால் சொல்லுங்கள்

எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிட்டு, அவரவர் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாக்கியம் மாறினால் மாறட்டும். பட்டறையில் மேஸ்திரி கேட்டுவிட்டுச் சொன்னது இது: "அண்ணே, இவ்வளவு எதுக்கு? கல்லைத் திருப்பிப் பார்த்தா எந்தக் கைன்னு தெரியணும். அவ்வளவுதானே?" அதன்பிறகு அங்கே வழங்குவது மேஸ்திரியின் வாக்கியம்தான். ஒவ்வொரு கல்லின் பின்புறத்திலும் ஈரம் காயும் முன் ஓர் அடையாளம் கீறுவது என்ற வழக்கமும் அன்று பிறந்தது. அதை உரிமையாளர் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் உரிமையாளர் தேவகோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், கிரகப் பிரவேசம் நெருங்கிவிட்டது என்று ஒருவர் காரில் வந்து இறங்கி, கேட்ட விலை தருவதாகச் சொல்லி, ஐந்து நாளில் ஒரு கூடத்துக்கான கல் கேட்டிருக்கிறார். தொட்டியில் கிடக்கும் கல்லைக் காட்டி, இது ஊறி முடியாமல் தரமாட்டோம், கூடத்தைப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள், இப்போதைக்குப் பூசை அறைக்கு மட்டும் தயாராக இருக்கும் கல்லைத் தருகிறேன் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறார். உரிமையாளருக்குத் தொலைபேசிகூடச் செய்யவில்லை. வந்தவர் பூசை அறைக்கு வாங்கிக்கொண்டு போனார்; கூடத்துக்குத் திரும்ப வந்தாரா என்று கேட்டால், வரவில்லை.

படி 6: கணக்கில் ஓர் இடம் கொடுங்கள்

நகரத்தார் கணக்கில் மகமை என்று ஒரு பற்று உண்டு; கோயிலுக்கும் தருமத்துக்கும் உரிய பங்கு மீதி இருந்தால் கொடுப்பதாக இல்லாமல், கணக்கிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். உங்கள் தொலைநோக்குக்கும் அப்படி ஒரு தலைப்பைத் திறந்து, மாதந்தோறும் ஒரு தொகையைச் சிறிதானாலும் ஒதுக்கிவிடுங்கள். கல் பட்டறையில் அந்தத் தலைப்பில் பழைய பூ அச்சுகளைச் சரிசெய்வதும், புதிதாகப் பழக வரும் ஒருவரின் கூலியும் வருகின்றன. ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் ஆண்டு முடிவுக் கணக்கு) எடுக்கும்போது அந்தத் தலைப்பு காலியாக இருந்தால், நீங்கள் எழுதிய வாக்கியத்தை நீங்களே நம்பவில்லை என்று கணக்கு சொல்லிவிடும்.

படி 7: ஊக்கம் எங்கிருந்து வருகிறது

பேச்சினால் வரும் ஊக்கம் டீ குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. முன்னால் நிற்பவர் தன் கையிலிருந்து எதை வைத்தார் என்பதைத்தான் ஆட்கள் பார்க்கிறார்கள். இதற்குக் காரைக்குடிக்காரர்கள் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வருவதற்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ஆய்வகம் திறக்கப்பட்டது. அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே நாலரை ஆண்டு. நீங்கள் வைக்க வேண்டியது நிலமாக இருக்க வேண்டியதில்லை. கல் பட்டறைக்காரர் வைத்தது அவர் விட்ட செராமிக் லாபம்தான் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

படி 8: ஆண்டுக்கு ஒரு முறை திருத்துங்கள்

திருத்தும்போது தொழிலையும் தொலைநோக்கையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். முருகப்பா குழுமம் 1900-இல் பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கியது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடிப்பதற்கு முன்பே, முப்பதுகளில், அந்தக் குடும்பம் தன் மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. 1949-இல் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. நிலத்திலும் கடனிலும் முதலைப் போட்டுவிட்டு அங்கேயே இருந்த பலருடைய சொத்து கடலுக்கு அப்பால் நின்றுபோயிற்று. வட்டிக்கடையை விட்டவர்கள் தங்கள் நோக்கத்தையும் விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு நாள், முதல் படியில் எழுதிய அரைப் பக்கத்தையும் மூன்றாவது படியின் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வாங்குபவர் மாறியிருந்தால் வாக்கியத்தில் அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள்; நாளைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் ஒருபோதும் திருத்தாதீர்கள். கல் பட்டறையில் இதற்குத் தை இரண்டாம் வாரத்தைக் குறித்திருக்கிறோம், ஏனென்றால் பொங்கலுக்குப் போன ஆட்கள் எல்லோரும் அதற்குள் திரும்பியிருப்பார்கள். என் அலுவலகத்தில் காலண்டரை வேறு ஆணிக்கு மாற்றியிருக்கிறேன். சட்டத்துக்குள் இருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன், புதியது இன்னும் மூன்றாவது படியில்தான் நிற்கிறது.